மேக்ஃபைலில் எழுதும் நிபந்தனை எப்போது சோதிக்கப்படுகிறது?

கேள்வி (குலசேகரத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் ரப்பர் பால் கொள்முதல் செய்யும் வியாபாரி ஒருவருக்காக, மின்னணுத் தராசிலிருந்து எடையைப் படித்து, பாலின் டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) சதவீதத்தைக் கொண்டு தொகையைக் கணக்கிடும் சிறு நிரலை சி மொழியில் எழுதி வருகிறோம். கொள்முதல் கொட்டகையில் அது ராஸ்பெரி பை கணினியில் ஓடும். மடிக்கணினியில் சோதிக்கும்போது தராசு இருக்காது என்பதால், கற்பனை எடைகளைத் தரும் வேறொரு கோப்பைச் சேர்த்து கம்பைல் செய்ய வேண்டியுள்ளது.

இரண்டையும் ஒரே மேக்ஃபைலில் (எதை எப்படி கம்பைல் செய்வது என்று மேக் என்ற கருவிக்குச் சொல்லும் கோப்பு) முடிக்க எண்ணி, 'சோதனை' என்ற இலக்குக்கு (மேக்கிடம் செய்யச் சொல்லும் வேலையின் பெயர்) மட்டும் 'வகை' என்ற மாறியின் மதிப்பு 'போலி' என்று எழுதினோம். கோப்பின் மேற்பகுதியில் இஃப்ஈக்யூ (இரு மதிப்புகள் சமமா என்று பார்க்கும் நிபந்தனை) கொண்டு அந்த மதிப்பைச் சோதித்து, எந்த மூலக் கோப்பைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறோம். 'மேக் சோதனை' என்று கொடுத்தால், அந்த இலக்கின் கட்டளை வரியில் எக்கோ செய்யும்போது 'போலி' என்றே காட்டுகிறது. ஆனால் இஃப்ஈக்யூ மட்டும் ஒவ்வொரு முறையும் எல்ஸ் பகுதிக்கே போகிறது. ஒரே மாறி ஓரிடத்தில் ஒரு மதிப்பையும் இன்னோரிடத்தில் வேறு மதிப்பையும் தருவது எப்படி? பயன்படுத்துவது குனு மேக் 4.3.

மறுமொழி 1 (நாகர்கோவிலிலிருந்து)

இது பிழையன்று, குனு மேக் வடிவமைக்கப்பட்ட விதமே அப்படித்தான். மேக் இரண்டு கட்டங்களாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் மேக்ஃபைல் முழுவதையும் படித்து, மாறிகளையும் இலக்குகளையும் அவற்றின் சார்புகளையும் நினைவில் அமைத்துக்கொள்கிறது. எதை மறுபடி உருவாக்க வேண்டும் என்று கண்டறிந்து கட்டளைகளை ஷெல்லிடம் ஒப்படைப்பது இரண்டாம் கட்டத்தில்தான். இஃப்ஈக்யூ, இஃப்டெஃப் (மாறிக்கு மதிப்பு உண்டா என்று பார்ப்பது) போன்றவை முதல் கட்டத்திலேயே தீர்க்கப்பட்டுவிடுகின்றன. தேறாத பகுதி மேக்கின் கண்ணிலேயே படுவதில்லை. ஓர் இலக்குக்கென்று தனியாகத் தரப்படும் மதிப்போ அந்த இலக்கின் கட்டளைகள் ஓடும்போதுதான் நடைமுறைக்கு வருகிறது. ஆகவே எக்கோ 'போலி' என்று காட்டியதும் சரி, இஃப்ஈக்யூ அதை அறியாமல் போனதும் சரி.

கம்பைலருக்குத் தரும் ஒரு ஃபிளாக் மட்டுமே மாற வேண்டுமென்றால், கட்டளை வரிக்குள் டாலர் குறியுடன் எழுதும் இஃப் என்ற செயற்கூறு போதும், ஏனெனில் அது கட்டளை ஓடும் நேரத்தில்தான் விரிக்கப்படுகிறது. உங்களுக்கோ மூலக் கோப்பே மாறுகிறது. சார்புகளின் பட்டியலும் முதல் கட்டத்திலேயே விரிக்கப்பட்டுவிடும் என்பதால் அந்த வழி உதவாது. 'மேக் வகை=போலி' என்று மாறியைக் கட்டளையிலேயே கொடுங்கள்; அப்படித் தரும் மதிப்பு கோப்பைப் படிக்கும் முன்பே இருக்கும், கோப்பில் எழுதியுள்ள சாதாரண மதிப்பையும் அது மீறிவிடும். 'மேக் சோதனை' என்ற சுருக்கம் அவசியமென்றால், அந்த இலக்கின் கட்டளையில் மேக்கையே அந்த மாறியுடன் மீண்டும் அழைக்கலாம். அங்கே வெறும் 'மேக்' என்று எழுதாமல், மேக் என்ற பெயரிலேயே உள்ள மாறியை எழுதினால்தான் ஹைஃபன் என் (கட்டளைகளை ஓட்டாமல் காட்ட மட்டும் செய்வது) போன்ற விருப்பங்கள் உள்ளே ஓடும் மேக்குக்கும் சரியாகப் போய்ச் சேரும்.

மறுமொழி 2 (தக்கலையிலிருந்து)

மேலே உள்ள விளக்கம் முழுவதும் சரி. ஆனால் இந்த இடத்தில் நான் நிபந்தனையே எழுதமாட்டேன். 'மூலம்_தராசு', 'மூலம்_போலி' என்று இரண்டு மாறிகளில் உரிய கோப்புப் பெயர்களை வைத்துவிட்டு, 'மூலம்_' என்பதோடு வகையின் மதிப்பை ஒட்டிவரும் பெயருள்ள மாறியை எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும். நாளை வேறொரு தராசுக்கு மூன்றாவது வகை வந்தால் ஒரு வரி கூடும், அவ்வளவே. எல்ஸுக்குள் இஃப்ஈக்யூ, அதற்குள் இன்னொன்று என்று நீளாது.

இதைவிட முக்கியமானது, இரு வகைகளின் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் (மூலக் கோப்பிலிருந்து கம்பைலர் உருவாக்குபவை) ஒரே அடைவில் வைக்காதிருப்பது. கோப்புகள் மாறிய நேரத்தை மட்டுமே மேக் ஒப்பிடுகிறது. மாறியின் மதிப்பு மாறியதை அது கவனிப்பதில்லை. மடிக்கணினிக்காக கம்பைல் செய்த பழைய ஆப்ஜெக்ட் கோப்பு அப்படியே கிடந்தால், ராஸ்பெரி பைக்கான பில்ட்டிலும் அதையே எடுத்துக்கொள்ள முயலும். அடைவின் பெயரிலேயே வகையைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இஃப்ஈக்யூவைத் தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால், மாறியின் மதிப்புக்குப் பின் ஸ்பேஸ் விட்டு அதே வரியில் குறிப்பு எழுத வேண்டாம். அந்த ஸ்பேஸும் மதிப்பின் பகுதியாகி ஒப்பீடு தவறும். ஸ்ட்ரிப் என்ற செயற்கூறு கொண்டு அதை நீக்கலாம். இஃப்ஈக்யூ வரியை டேப்பில் தொடங்கவும் கூடாது, அதைக் கட்டளை வரி என்று மேக் எண்ணிவிட இடமுண்டு.

மறுமொழி 3 (மார்த்தாண்டத்திலிருந்து)

சிமேக் என்ற வேறொரு பில்ட் கருவிக்கு மாறலாமே என்று யாரேனும் சொல்லக்கூடும். அங்கும் இதே கேள்வி வேறு வேடத்தில் வரும். சிமேக்கின் இஃப், பில்டுக்கு முன்பு கான்ஃபிகர் செய்யும் நேரத்தில் தீர்க்கப்படுகிறது. விஷுவல் ஸ்டுடியோ, எக்ஸ்கோடு போன்றவற்றிலோ டீபக்கா ரிலீஸா என்பது பில்ட் செய்யும்போதுதான் தெரியும், அதனால்தான் ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன் என்ற, கான்ஃபிகர் கட்டத்துக்குப் பிறகே தீர்க்கப்படும் தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு சிறிய நிரலுக்கு மேக்கே போதும்.

கேட்டவரின் தொடர்ச்சி

மூவருக்கும் நன்றி. கட்டளையில் மாறியைக் கொடுத்ததும் சரியாக வேலை செய்கிறது, அடைவுகளையும் பிரித்துவிட்டோம். ஓர் அச்சம் மட்டும் மிச்சம். யாரேனும் வகையின் பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்தாலோ, போலி எடை தரும் பில்ட் கொட்டகைக்குப் போய்விட்டாலோ பால் கொண்டுவருபவர்களின் கணக்கே குழம்பிவிடும். இதை மேக்ஃபைலிலேயே தடுக்க முடியுமா?

மறுமொழி 4 (தக்கலையிலிருந்து)

முதல் பாதியைத் தடுக்கலாம். வகையின் இயல்பு மதிப்பு 'தராசு' என்றே இருக்கட்டும். இஃப்ஈக்யூ நன்றாகப் பொருந்தும் இடமும் இதுதான். அனுமதிக்கப்பட்ட பெயர்களோடு வகையை ஃபில்ட்டர் செயற்கூறால் ஒப்பிட்டு, விடை வெறுமையாக வந்தால் எரர் செயற்கூறை அழைத்துவிடுங்கள். கோப்பைப் படிக்கும் கட்டத்திலேயே மேக் நின்றுவிடும், ஒரு கோப்பும் கம்பைல் ஆகாது. 'போலி=0' என்பதுபோல் ஆம், இல்லை மாறியாக இதை மாற்றிவிடாதீர்கள். இஃப் செயற்கூறுக்கும் இஃப்டெஃப்புக்கும் வெறுமையாக இல்லாத எதுவும் ஆம் என்றே பொருள்; பூஜ்யமும் அதில் அடங்கும். இரண்டாம் பாதி மேக்கின் கையில் இல்லை. போலி வகையில் உருவாகும் நிரல் ரசீதின் ஒவ்வொரு வரியிலும் 'சோதனை' என்று அச்சிடும்படி சி நிரலிலேயே எழுதிவிடுங்கள்.