முகம் கோணியபோது காதையும் டெஸ்ட் செய்தார்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரூர் மகள்

என் அம்மாவுக்கு வயது 58. போன ஐப்பசியில் ஒருநாள் காலையில் பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது, தண்ணீர் இடது கடைவாய் வழியாக அது பாட்டுக்கு வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, இடது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று பக்கத்து வீட்டில் சொல்ல, பதறியடித்துக்கொண்டு ஓடினோம்.

அங்கே டாக்டர் புருவத்தை உயர்த்தச் சொன்னார். நெற்றியில் வலது பாதியில் மட்டும்தான் சுருக்கம் விழுந்தது. மூளையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கும், இது முகநரம்பு வீக்கம் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஸ்டீராய்டு மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி கண்ணை ஒட்டிவைக்க டேப். வீட்டுக்கு வந்துவிட்டோம். காதை யாரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே அம்மா காது வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் தலைவாரும்போது பார்த்தேன், காது மடலின் குழியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். அத்தை பார்த்துவிட்டு "இது அக்கி, எழுதினால் சரியாப் போயிடும்" என்றார். வேளார் வீட்டுக்குப் போய் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வந்தோம். அத்தை சொன்ன பெயர் சரிதான். அது காதுக்குள் வந்த அக்கி என்பதும், அதற்கு உடனே வைரஸ் மாத்திரை வேண்டும் என்பதும்தான் எங்களில் யாருக்கும் தெரியாமல் போனது.

ஐந்தாம் நாள் தம்பி போன் பண்ணினான். அம்மா எப்போதும் போனை இடது காதில்தான் வைப்பார். "போன் ரிப்பேர், ஒண்ணுமே கேக்கல" என்று என்னிடம் நீட்டினார். வாங்கிப் பேசினேன், நன்றாகக் கேட்டது. அதே போனை அம்மாவின் வலது காதில் வைத்தேன். "இப்பக் கேக்குதே" என்றார். அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் கூட்டிப்போனோம். காது டெஸ்ட் தாளில் (ஆடியோகிராம்) இடது காது 60 டெசிபல், அவ்வளவு சத்தமாக இருந்தால்தான் கேட்கும், நரம்பு வகைக் குறைபாடு. ராம்சே ஹன்ட், அதாவது அக்கி வைரஸ் முகநரம்பைத் தாக்கும் நோய் என்று எழுதினார். முதல் மூன்று நாளுக்குள் வந்திருந்தால் நல்லது என்று அவர் சொன்னது இன்றைக்கும் என் நெஞ்சில் குத்துகிறது.

உங்களில் யாருக்காவது முகம் கோணிய உடனே காது டெஸ்ட் எடுத்தார்களா? என்ன சொன்னார்கள்?

பெயர் வேண்டாம், வயது 31

எனக்கு எடுத்தார்கள் அக்கா. எனக்கு வந்தது சாதாரண பெல்ஸ் பால்சி, வேறு நோய் எதுவும் பிடிபடாமல் முகநரம்பு திடீரென்று செயலிழப்பது. கேட்காமல் போகவில்லை, அதற்கு நேர்மாறு. எவர்சில்வர் டம்ளரை மேடையில் வைத்தால் வலது காதுக்குள் ஆணி அடிப்பதுபோல இருக்கும். குக்கர் விசில் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். காது மந்தம்தான் நோய், இது வெறும் எரிச்சல் என்று நினைத்து டாக்டரிடம் சொல்லவே இல்லை. அவராகக் கேட்டார்.

ஹெட்போன் மாட்டி பட்டன் அழுத்தும் டெஸ்டில் இரண்டு காதும் நார்மல். அப்புறம் காதில் ரப்பர் முனை ஒன்றைச் சொருகி, உரக்க ஒரு சத்தம் கொடுத்தார்கள். இடது பக்கம் திரையில் கோடு பள்ளமாக இறங்கியது. வலது பக்கம் அசையாமல் நேர்கோடாகப் போனது. ஆறாவது வாரம் திரும்ப எடுத்தபோது வலது பக்கமும் லேசாக இறங்கியது. டெஸ்ட் எடுத்த மேடம் என்னைவிடச் சந்தோஷப்பட்டார். பத்து நாள் கழித்துக் கண் முழுசாக மூடியது.

காது டெஸ்ட் எடுப்பவர், 14 வருடம்

அந்த நேர்கோட்டை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நடுக்காதில் அங்கவடி எலும்பைப் பிடித்து இழுக்கும் ஒரு குட்டித் தசை இருக்கிறது. உடம்பிலேயே மிகச் சின்ன எலும்புத் தசை அதுதான். பலத்த சத்தம் வந்தால் அது எலும்பை இறுக்கிச் சத்தத்தைக் குறைக்கும். அதை இயக்குவது காது நரம்பு இல்லை, முகநரம்பு. அந்தக் கிளை பிரிவதற்கு முன்னாலேயே நரம்பு அடிபட்டிருந்தால் தசை இழுக்காது. தம்பிக்கு டம்ளர் சத்தம் குத்தியது அதனால்தான்.

கரூர் அம்மாவின் கதை வேறு. முகத்துக்குப் போகும் ஏழாம் நரம்பும் காதுக்குப் போகும் எட்டாம் நரம்பும் மண்டை எலும்பில் ஒரே சுரங்கம் வழியாக, ஒட்டிக்கொண்டுதான் போகின்றன. அக்கி வைரஸ் ஒன்றைத் தாக்கும்போது மற்றதும் மாட்டிக்கொள்ளும். தலைசுற்றலும் சேர்ந்து வரலாம்.

"காது நல்லாத்தான் கேக்குது" என்று நோயாளி சொல்வதை மட்டும் வைத்து விட்டுவிடக் கூடாது. பேச்சை நல்ல காது பிடித்துக் கொடுத்துவிடும். அதனால்தான் ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காதில் ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல் கொடுக்கிறோம். பெல்ஸ் பால்சியில் பட்டன் டெஸ்ட் பொதுவாக நார்மலாகவே வரும். குறைந்து வந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஒரு லாரி டிரைவர் அண்ணனை மறக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே காதில் சீழ், பஞ்சு வைத்தே பழகியவர். முகம் கோணி வந்தார். ஹெட்போனில் கேட்கவில்லை, காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தால் கேட்கிறது. அப்படியென்றால் நரம்பு பரவாயில்லை, நடுக்காதில் கோளாறு. சி.டி. எடுத்தால் எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா என்ற தோல் கட்டி, முகநரம்பின் ஓடு வரைக்கும் போயிருந்தது. வெறும் ஸ்டீராய்டோடு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அறுவை சிகிச்சைதான் அவரைக் காப்பாற்றியது.

முகம் ஒரே நாளில் இல்லாமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கோணினால், கூடவே ஒரு காதும் மந்தமானால், எம்.ஆர்.ஐ. பற்றிக் கட்டாயம் கேளுங்கள். நடுக்காதில் நீரோ சீழோ இருந்தால் அந்த ரப்பர் முனை டெஸ்டின் (ரிஃப்ளெக்ஸ்) கோடு எதையும் சொல்லாது, அதை நம்பிப் பயப்பட வேண்டாம். முதல் ஆடியோகிராம் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த டெஸ்டை ஒப்பிட அது வேண்டும்.

கரூர் மகள்

ரொம்ப நன்றிங்க. தாளைத் தேடி எடுத்து ஃபைலில் வைத்துவிட்டேன். போன மாதம் திரும்ப எடுத்ததில் 45 டெசிபல். வாய் முக்கால்வாசி நேராகிவிட்டது, சிரிக்கும்போது மட்டும் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் அப்பா இப்போது வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஒரு காதுக்கு மட்டும் மெஷின் வைத்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், அம்மா கேட்கச் சொன்னார்.