அண்ணாந்து குடித்த அப்பாவும் இருமல் எழாத தொண்டையும்

68 வயதான என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் முடங்கின. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாளே காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் கண்டன. ஊட்டும்போது அவர் ஒருமுறைகூட இருமாததால், உணவு நுரையீரலுக்குள் போயிருக்கும் என்று நாங்கள் எண்ணவே இல்லை. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த நீரைக் கொடுத்து எடுத்த எக்ஸ்ரே வீடியோவை, விழுங்குவதற்கும் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளர் எங்களுக்குக் காட்டினார். நீர் குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாயில் இறங்குகிறது. அப்பாவோ ஒன்றும் நடவாதவர்போல் அமர்ந்திருக்கிறார். தொண்டையின் உணர்ச்சி மழுங்கிவிட்டால் இருமல் எழாது என்று அன்றுதான் அறிந்தோம்.

எங்கள் வீட்டில் யாரும் செம்பில் வாய்வைத்துக் குடிப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் அண்ணாந்து குடித்தவருக்கு, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திச் சிறு மிடறாக விழுங்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. (இது எல்லோருக்கும் பொருந்தாது, அந்த நிலையில் நீர் சரியான வழியில் சென்றதைப் படத்தில் பார்த்த பின்னரே அவருக்கு இதைச் சொன்னார்கள்.) நோயாளிக்கு உகந்தது என்று அம்மா நம்பிய ரசம் சாதமே பெரிய இடர் என்பதுதான் எங்களால் ஏற்கவே முடியாத செய்தி. பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடிவிடுமாம். இப்போது நீர்மங்களைக் கெட்டியாக்கியே கொடுக்கிறோம். கெட்டித்தன்மை சரியா என்று அறிய, 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டு, 4 முதல் 8 மில்லி வரை எஞ்சுகிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். அளவு பார்க்காமல் எதையும் ஊட்டுவதில்லை என்று அம்மா இப்போது என்னைவிடக் கண்டிப்பாக இருக்கிறார்.

—

மேலே எழுதிய சகோதரிக்கு: என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஏழாண்டுகள் ஆகின்றன. குரல் தேய்ந்து அடுத்த அறைக்குக் கேட்காமல் போனபோது, எனக்குத்தான் காது மந்தம் என்று அவர் குறைகூறினார். வாரம் 4 நாள் வீதம் 4 வாரங்களில் 16 அமர்வுகள் பயிற்சிக்குச் சென்றோம். உரக்கப் பேசுவது ஒன்றே அங்கே பாடம். கத்துவதாக அவருக்குத் தோன்றிய அளவு எங்களுக்கு இயல்பான பேச்சாகவே கேட்டது. பதிவுசெய்து போட்டுக்காட்டிய பிறகே அதை ஒப்புக்கொண்டார்.

மாத்திரை நன்கு வேலைசெய்யும் நேரத்துக்கு உணவுவேளையை மாற்றியதும், ஒரு மணி நேரம் இழுத்த காலைச் சிற்றுண்டி அரை மணியில் முடிகிறது. மாத்திரை தொண்டையில் தங்கும் தொல்லைதான் இன்னும் தீரவில்லை. மெதுவாகக் கரையும் வகை என்பதால் அதைப் பொடிக்கக் கூடாது. மாற்று உண்டா என்று வியாழக்கிழமை நரம்பியல் மருத்துவரிடம் கேட்கவிருக்கிறோம்.