ஒரினோகோ எண்ணெய்: கோக்கரா, ஹைட்ரஜனா?

மூலக்கூறு எழுதியது:

வெனிசுவேலாவின் ஒரினோகோ பட்டையில் தோண்டி எடுக்கக்கூடியது 513 பில்லியன் பீப்பாய் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2009-ல் மதிப்பிட்டது. பெரும்பாலும் 8 முதல் 10 ஏ.பி.ஐ. (இந்த எண் குறையக் குறைய எண்ணெய் கனம்) கொண்ட தார்க்குழம்பு. குழாயில் தள்ளினால் நகராது, சாதாரண ரிஃபைனரி தொடாது. அதை இலகுவாக்க ஹோசே துறைமுகத்தில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நான்கு அப்கிரேடர்கள் கட்டினார்கள். நான்கின் நடுநாயகமும் டிலேய்டு கோக்கர்தான்.

கோக்கர் என்ன செய்கிறது? வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தபின் அடியில் மிஞ்சும் எச்சத்தைச் சூடேற்றி உடைத்து, கனமான கார்பனைக் கரியாக ஒதுக்கிவிடுகிறது. வேக்குவம் எச்சத்தில் 30 சதவீதம் வரை பெட்கோக் என்ற அந்தக் கரியாகிவிடும். காசு கொடுத்து நிலத்தடியிலிருந்து எடுத்த சரக்கில் இவ்வளவையும் கரிமேடாகக் குவிப்பது எனக்குப் புரியவே இல்லை. கேட்டலிஸ்ட்டும் (வினையூக்கி) ஹைட்ரஜனும் கொடுத்தால் அதே எச்சத்தில் 90 சதவீதத்துக்கு மேல் திரவமாக மாறும். புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. உயர் அழுத்த ஹைட்ரஜனேற்றத்துக்காக பெர்கியுஸ் 1931-லேயே நோபல் வாங்கிவிட்டார். இத்தாலியில் எனி நிறுவனம் 2013-ல் சன்னட்சாரோ ரிஃபைனரியில் நாளுக்கு 23,000 பீப்பாய் அளவில், கேட்டலிஸ்ட் துகளை எண்ணெயிலேயே மிதக்கவிடும் ஸ்லரி யூனிட்டை ஓட்டிக் காட்டியது. பிறகும் ஏன் உலகம் கோக்கர் கட்டிக்கொண்டே இருக்கிறது? பழக்கதோஷம், வங்கிக்காரர்களின் பயம். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

கோக்கர் கணேசன் எழுதியது:

இருக்கு தம்பி, சொல்றேன்.

ஒரினோகோ எண்ணெயில வனேடியம் 300 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்துல 300 பங்கு) மேல. வேக்குவம் கோபுரத்துல அடிப்பாகமாப் பிரிச்சதும் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 600-னு வைங்க. நாளுக்கு 50,000 பீப்பாய் எச்சம் ஓட்டுற யூனிட்டுன்னா சுமார் 8,200 டன். அதுல வனேடியம் மட்டும் தினமும் 5 டன் கிட்ட வரும். நிக்கல் தனி. இந்த 5 டன்னும் உங்க கேட்டலிஸ்ட் துளை வாசல்ல உக்காந்து அடைச்சுக்கும். கோக்கர்ல கவலையே இல்லை, அத்தனையும் கோக்கோட கோக்கா வெளிய போயிடும். ரெண்டு டிரம், ஒண்ணு நிறையும்போது இன்னொண்ணைத் தண்ணி ஜெட்டால வெட்டி எடுப்போம். அழுத்தம் ரெண்டு மூணு பார்தான் (ஒரு பார்னா நம்மைச் சுத்தி இருக்கிற காற்றழுத்தம் அளவு). உங்க ஸ்லரி ரியாக்டருக்கு 150 பார் வேணும்.

டிரம் மூடி திறக்கிற டெக்குல வேலை பார்த்தவன் நான். அது சுகமான வேலைன்னு சொல்ல வரலை. ஆனா எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் கோக்கர் முகம் சுளிக்காது. அதை வெறும் பழக்கதோஷம்னு சொல்லாதீங்க.

மூலக்கூறு எழுதியது:

கணேசன் அண்ணா, துளை வாசல் அடைப்பு என்பது பழைய வகைக் கேட்டலிஸ்ட்டின் கதை. நிலைப்படுகையில் அடுக்கி வைத்த அலுமினா மணிகளுக்கு அது பொருந்தும். எபுலேட்டட் படுகையில் ரியாக்டர் ஓடும்போதே பழைய மணியை எடுத்துப் புதியதைப் போடுகிறார்கள். கனடாவின் ஸ்காட்ஃபோர்ட் அப்கிரேடர் 2003 முதல் அப்படித்தான் ஓடுகிறது, அதுவும் அத்தபாஸ்கா பிட்டுமன் எச்சத்தில்.

ஸ்லரியில் துளையே கிடையாது. எண்ணெயில் கரையும் மாலிப்டினம் உப்பை ஊற்றினால், உள்ளே இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து நுண்ணிய மாலிப்டினம் சல்பைடு தகடுகளாக மாறும். துகள் எண்ணெயோடு மிதக்கிறது. வனேடியமும் நிக்கலும் சல்பைடாகி அதோடு சேர்ந்து சுற்றும். மாறாத அடிப்பாகத்தையும் கேட்டலிஸ்ட்டையும் திருப்பி ரியாக்டருக்கே அனுப்பலாம். உலோகம் சேரச் சேர ஒரு சிறு பங்கை மட்டும் வெளியே எடுத்தால் போதும்.

கடைசி பெஞ்ச் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கெமிஸ்ட்ரி பிளஸ் டூவோடு சரி. கேட்டலிஸ்ட் தான் பெரிய மூலக்கூறை உடைக்கிறது என்று புரிந்துகொள்ளலாமா?

மூலக்கூறு எழுதியது:

பெட்ரோல் தயாரிக்கும் எஃப்.சி.சி. யூனிட்டில் அப்படித்தான். அங்கே சீயோலைட் என்ற துளை நிறைந்த கேட்டலிஸ்ட்டின் அமிலத்தன்மை கார்பன் சங்கிலியை வெட்டுகிறது. ஆனால் எச்சத்தில் கதை வேறு. அஸ்ஃபால்டீன் போன்ற பெரிய மூலக்கூறு சீயோலைட் துளைக்குள் நுழையவே முடியாது. ஸ்லரி ரியாக்டரில் 410 முதல் 450 டிகிரி வெப்பம்தான் பிணைப்பை அறுக்கிறது, கோக்கரில் நடப்பது போலவே. அறுந்த இரண்டு முனைகளும் ஜோடி இல்லாமல் துடிக்கும். பக்கத்தில் இன்னொரு அறுந்த முனை கிடைத்தால் ஒட்டிக்கொண்டு, ஒட்டியது மேலும் ஒட்டி, கடைசியில் கோக். அதற்குள் ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து வாயை அடைப்பதுதான் மாலிப்டினத்தின் வேலை. ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளந்து கைவசம் வைத்திருக்கும்.

கோக்கர்காரர்களும் நாங்களும் ஒரே வெட்டைத்தான் வெட்டுகிறோம். வெட்டியதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சுங்குவார்சத்திரம் எழுதியது:

அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று யாருமே கேட்கவில்லையே?

கணேசன் சாரின் 8,200 டன்னையே எடுத்துக்கொள்கிறேன். எடையில் 3 சதவீதம் ஹைட்ரஜன் என்றால் நாளுக்கு 246 டன். இயற்கை எரிவாயுவை நீராவியோடு உடைத்துத் தயாரித்தால் ஒரு டன் ஹைட்ரஜனுக்கு 9, 10 டன் கார்பன் டை ஆக்சைடு. அதாவது தினமும் சுமார் 2,400 டன், ஒரு சொட்டு டீசல் விற்பதற்கு முன்பே. எரிவாயுவும் காசு. ஹைட்ரஜன் ஆலையும் காசு. 150 பார் தாங்கும் ரியாக்டருக்குக் கனமான சுவர் வேண்டும். விசாகப்பட்டினத்தில் எச்.பி.சி.எல். தன் எல்.சி.மேக்ஸ் என்ற, ஹைட்ரஜன் கொடுத்து எச்சத்தை உடைக்கும் யூனிட்டுக்கு வாங்கிய ரியாக்டர்கள் ஒவ்வொன்றும் 2,000 டன்னுக்கு மேல் எடை. அதை எந்தத் துறைமுகத்தில் இறக்கி, எந்தச் சாலையில் கொண்டுபோவது என்பதே தனித் திட்டம்.

மூலக்கூறு எழுதியது:

விசாகப்பட்டினத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. ஆண்டுக்கு 35.5 லட்சம் டன் எச்சத்துக்கு அவர்கள் கோக்கர் கட்டவில்லை. ஹைட்ரஜன் பக்கம் போனார்கள். கணக்குத் தெரியாமலா?

உங்கள் 2,400 டன்னுக்கு மறுபக்கம் இருக்கிறது. அதே 8,200 டன்னைக் கோக்கரில் போட்டால் சுமார் 2,460 டன் கோக். அதைச் சிமெண்ட் சூளையில் எரித்தால் 7,800 டன் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு. கூடவே கந்தகம். டெல்லியைச் சுற்றிய மாநிலங்களில் 2017-ல் உச்ச நீதிமன்றம் பெட்கோக்கைத் தடை செய்தது எதற்காக?

சுங்குவார்சத்திரம் எழுதியது:

இங்கேதான் கை மறைக்கிறது. கோக்காக ஒதுங்காத அந்தக் கார்பன் எங்கே போயிற்று? டீசலாகி லாரியின் டேங்குக்குப் போயிற்று. அங்கேயும் எரியத்தான் போகிறது. எண்ணெயில் இருந்த கார்பன் மொத்தத்தில் ஓர் அணுகூடக் குறையவில்லை. அதற்கு மேல் ஹைட்ரஜன் ஆலையின் 2,400 டன்னைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறீர்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆல்பர்ட்டாவில் சன்கோர், சின்க்ரூட் சுரங்கங்களில் கோடிக்கணக்கான டன் கோக் விற்க வழியில்லாமல் குவிந்து கிடக்கிறது. ரயில் செலவே கட்டாது. எரியாமல் கிடக்கும் அந்தக் கரி, கார்பனை நிலத்திலேயே வைத்திருக்கிறது. சூழலியல் கணக்குப் போட்டால் உங்களுக்குப் பிடிக்காத அந்தக் கரிமேடுதான் நல்ல பிள்ளை.

கோக்கர் கணேசன் எழுதியது:

ஹா ஹா. இதை எங்க ஷிப்ட்ல பிரிண்ட் எடுத்து ஒட்டணும்.

மூலக்கூறு எழுதியது:

ஆல்பர்ட்டாவில் குவிவது அது நடுக்கண்டத்தில் இருப்பதால். ஹோசே கடற்கரையில் இருக்கிறது. அங்கிருந்து கோக் கப்பலேறி வந்து எரியும். பெட்கோக்கை வாங்குகிறவன் நிலக்கரியைவிட மலிவு என்பதற்காகத்தான் வாங்குகிறான். ஆகவே “எரியாத கோக்” என்பது ஒரு பிரதேசத்தின் விதிவிலக்கு.

டீசலாகப் போன கார்பன் வேறு ஒரு பீப்பாயை நிலத்திலிருந்து எடுக்காமல் தடுக்கிறது. தேவை ஒன்றுதான், அதை 100 பீப்பாயில் முடிக்கிறோமா, 130 பீப்பாயிலா? எல்லையை எங்கே வரைகிறோம் என்பதில்தான் உங்கள் கணக்கும் என் கணக்கும் பிரிகின்றன.

சுங்குவார்சத்திரம் எழுதியது:

தடுக்கிறது என்று யார் சொன்னார்கள்? மலிவாக டீசல் வந்தால் தேவையும் கூடும். எண்ணெய்ச் சந்தை உங்கள் ரேஷன் கடை இல்லை.

தென்கடல் எழுதியது:

சிங்கப்பூரில் சரக்கு வாங்கி விற்கும் வேலை. இந்த ஊர்க் கப்பல்களில் வெனிசுவேலா எண்ணெய் என்ன பெயரில் வருகிறது என்று பார்த்தால் விவாதம் வேறு திசையில் போகும் என்பதால் எழுதுகிறேன்.

ஹோசேயின் நான்கு அப்கிரேடர்களும் ஒரே தரத்தில் எண்ணெய் தரவில்லை. டோட்டலும் ஸ்டாட்டோயிலும் பங்கு வைத்திருந்த சின்கோர், கோக்கருக்குப் பின்னால் ஹைட்ரஜன் யூனிட்டுகளையும் வைத்து 32 ஏ.பி.ஐ. கொண்ட சுவாட்டா ஸ்வீட்டைத் தந்தது. செவ்ரான் இருந்த ஹமாக்கா 26. எக்ஸான் இருந்த செர்ரோ நெக்ரோ வெறும் 16-ல் நிறுத்திக்கொண்டது, மீதி வேலையை அமெரிக்காவில் உள்ள தன் கூட்டு ரிஃபைனரியே பார்த்துக்கொள்ளும் என்பதால். ஆகவே “கோக்கரா கேட்டலிஸ்ட்டா” என்று பிரிப்பதே அங்கே பொருந்தவில்லை. கோக்கரிலிருந்து வரும் நாப்தாவை (பெட்ரோல் போன்ற இலகு திரவம்) அப்படியே டேங்கில் வைத்தால் பிசின் பிடிக்கும். கேட்டலிஸ்ட் இல்லாமல் கோக்கர்காரருக்கும் கதி இல்லை.

அதைவிட முக்கியமானது, வெனிசுவேலா அரசு எண்ணெய் நிறுவனமான பி.டி.வி.எஸ்.ஏ.வின் ஆராய்ச்சிக் கிளையான இன்டெவெப் 1990-களில் அக்வாகன்வெர்ஷன் என்ற ஒன்றைச் செய்தது. ஹைட்ரஜன் ஆலை வேண்டாம், உயர் அழுத்தம் வேண்டாம். நீராவியும் எண்ணெயில் கரையும் கேட்டலிஸ்ட்டும். நீரிலிருந்தே ஹைட்ரஜனை எடுத்து அறுந்த முனைகளை அடைப்பது. முழுதாக மாற்றாது. குழாயில் ஓடுமளவுக்கு, 14, 15 ஏ.பி.ஐ. வரை தூக்கிவிட்டால் போதும் என்ற அடக்கமான லட்சியம். மூலக்கூறு கேட்கும் கேள்விக்கு அந்த ஊரே ஒரு பதில் வைத்திருந்தது.

அது ஏன் ஹோசேயில் வளரவில்லை? 2002-03 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்த நிறுவனத்தில் பதினெட்டாயிரம் பேர் வாக்கில் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள், ஆராய்ச்சிக்காரர்கள் உட்பட. 2007-ல் திட்டங்கள் அரசு கைக்குப் போனபோது எக்ஸானும் கோனோகோபிலிப்ஸும் வெளியேறி வழக்குப் போட்டன. பராமரிப்பு தேய்ந்தது. அப்கிரேடர்கள் நின்று நின்று ஓடின. பிறகு கண்ட வழி, கன எண்ணெயில் நாப்தாவையோ இலகு எண்ணெயையோ கலந்து மெரே 16 என்று விற்பது. 2019 ஜனவரியில் அமெரிக்கத் தடை வந்ததும் கலப்பதற்கான நாப்தாவும் நின்றது. பின்னால் ஈரானிலிருந்து கண்டன்சேட் என்ற மிக இலகு எண்ணெயை வரவழைத்தார்கள். உலகத்திலேயே பெரிய எண்ணெய் இருப்பு உள்ள நாடு, தன் எண்ணெயை நகர்த்தவே வெளியிலிருந்து எண்ணெய் இறக்குமதி செய்த காலம் அது.

கோக்கரைக்கூடப் பராமரிக்க முடியாத இடத்தில் ஸ்லரி ரியாக்டரை யார் ஓட்டுவார்கள்?

கோக்கர் கணேசன் எழுதியது:

நான் சொல்ல வந்ததையே நீங்க சொல்லிட்டீங்க சார். சன்னட்சாரோவை அவர் பெருமையா சொன்னார். 2016 டிசம்பர்ல அதே யூனிட்தான் தீப்பிடிச்சது. மறுபடி ஓட ஆண்டுக்கணக்குல ஆச்சு. இத்தாலியிலேயே அப்படின்னா, மேற்கொண்டு நான் சொல்லணுமா? ஹைட்ரஜன் 150 பார்ல ஒரு ஃப்ளேஞ்ச் கசிஞ்சா கண்ணுக்கு நெருப்பே தெரியாது.

மூலக்கூறு எழுதியது:

தீப்பிடித்தது உண்மை. டிலேய்டு கோக்கர் டெக்கில் சூட்டு நீரும் ஆவியும் கொட்டி ஆள் செத்த விபத்துகளும் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். விபத்தை வைத்து ஒரு முறையைத் தள்ளினால் இரண்டும் தள்ளுபடி.

தென்கடல் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து ஒன்றுதான். அரசியல் கெட்டதற்கு வேதியியலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். அக்வாகன்வெர்ஷன் மாதிரி எளிய, பாதிவழி முறைகளைக் கிணற்றடியிலேயே வைத்திருந்தால் நாப்தா கப்பலுக்குக் காத்திருக்க வேண்டிய நிலையே வந்திருக்காது. தடை வந்தபோது முதலில் மாட்டியது அந்தக் கலப்பு நாப்தாதானே?

கடைசி பெஞ்ச் எழுதியது:

கிணற்றடியில் என்கிறீர்கள். நிலத்துக்குள்ளேயே செய்துவிட முடியாதா? மேலே ஆலையே வேண்டாமே.

தென்கடல் எழுதியது:

முயன்றார்கள். கனடாவில் பெட்ரோபாங்க் காற்றை உள்ளே செலுத்தி எண்ணெயின் ஒரு பகுதியை எரித்து, வெளியேறும் கிணற்றைச் சுற்றிக் கேட்டலிஸ்ட் படுகையும் வைத்துப் பார்த்தது. ஆய்வகத்தில் வந்த முன்னேற்றம் வயலில் வரவில்லை. நிலத்தடியில் தீ நீங்கள் வரைந்த கோட்டில் நகராது. கேட்டலிஸ்ட் செத்தால் தோண்டி மாற்றவும் முடியாது. எரிப்பது மட்டும் என்றால் குஜராத்தின் பாலோல், சாந்தல் வயல்களில் ஓ.என்.ஜி.சி. பல ஆண்டுகளாகச் செய்கிறது. அது எண்ணெயைக் கூடுதலாக எடுப்பதற்கு, டீசலாக மாற்றுவதற்கு அல்ல.

சுங்குவார்சத்திரம் எழுதியது:

சரி, என் கையில் ஹோசேக்கான பணம் இருந்தால் பழைய கோக்கர்களைப் பழுது பார்ப்பேன். டிரம் நிற்கிறது, அஸ்திவாரம் நிற்கிறது. புது ரியாக்டருக்கு ஒரு டாலர்கூடத் தர மாட்டேன். பெட்ரோல் வண்டிகள் குறையப்போகும் உலகில் முப்பது வருட ஆயுள் கொண்ட இரும்பை யார் நடுவார்கள்?

மூலக்கூறு எழுதியது:

பழுது பாருங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. கணேசன் அண்ணா கணக்குப்படி தினமும் 5 டன் வனேடியம். கோக்கரில் அது கோக்கோடு போய் யாரோ ஒருவரின் சூளைச் சாம்பலில் கிடக்கிறது. ஸ்லரியில் வெளியே எடுக்கும் சிறு பங்கில் அது அடர்த்தியாகக் கிடைக்கும், மாலிப்டினமும் திரும்ப வரும். இதை வரவில் வைத்தீர்களா?

கோக்கர் கணேசன் எழுதியது:

வனேடியம் விலை எஃகு ஆலைகளோட சேர்ந்து ஏறும், சேர்ந்து விழும். அதை நம்பி ரியாக்டர் கட்டச் சொன்னா எந்த முதலாளியும் எழுந்து போயிடுவான். இருந்தாலும் கேட்டுட்டீங்க, கணக்கு போடறேன். வெளிய எடுக்கிற பங்கு ஃபீடுல (உள்ள விடுற எச்சத்துல) எத்தனை சதவீதம், அதுல எண்ணெய் எவ்வளவு ஒட்டிக்கிட்டு வரும், அதை உலர்த்த என்ன செலவு. இந்த மூணையும் நீங்க போடுங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து பார்க்கிறேன்.