அம்மாவுக்குச் சொன்ன கண் பரிசோதனைகள்: எல்லாமே அவசியமா?

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. கண்ணாடி மாற்றத்தான் அழைத்துப் போனேன். கண் அழுத்தம் 23 என்று சொல்லி, ஓசிடி ஸ்கேன் (விழித்திரை, பார்வை நரம்பின் அடுக்குகளைப் படமெடுப்பது), பார்வைப் பரப்புச் சோதனை, கருவிழித் தடிமன் அளவு, விழித்திரைப் படம் என்று நீண்ட பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள். தொகையைப் பார்த்து மலைத்துப்போனேன்.

கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும் என்பது தெரியும். அழுத்தம் கூடினால் வரக்கூடிய, பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய் பெரும்பாலும் வலியில்லாமல் ஓரப் பார்வையிலிருந்து பறிக்கத் தொடங்கும், போன பார்வை திரும்பாது என்பதும் தெரியும். மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, அந்த நோய் உண்டு. அதனால் இதை ஒதுக்கித் தள்ள மனம் வரவில்லை. ஆனால் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து, பார்வை நரம்பை மருத்துவர் நேரில் பார்ப்பதற்கு முன்பே பட்டியல் வந்ததுதான் உறுத்துகிறது.

கருவிழி தடிமனாக இருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாமாம். அப்படியானால் அந்தச் சிறிய சோதனையை முதலில் முடித்து, அழுத்தத்தை இன்னொரு நாள் மறுபடி பார்த்துவிட்டு, மற்றவற்றை முடிவு செய்யலாமா? ஸ்கேனும் பார்வைப் பரப்புச் சோதனையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகுமா, இரண்டுமே வேண்டுமா?

கண் மருத்துவத் துறையில் இருப்பவர்களும், பெற்றோருக்கு இவற்றைச் செய்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள். வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்டவர்கள், பழைய அறிக்கைகளை அவர் ஏற்றுக்கொண்டாரா என்பதையும் எழுதுங்கள். அம்மாவோ, "எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது, விடு" என்கிறார். விட எனக்குப் பயமாக இருக்கிறது.