மறு: பேக்கப் என்பதற்கு ‘விதைப்படி’

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

> காப்புநகல் என்று நல்ல சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

கணினிக் கோப்புகளைத் தனியாகப் படியெடுத்து வைக்கும் ‘பேக்கப்’புக்குத் தமிழில் ‘விதைப்படி’ என்று சொல்லலாம் என எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்வி இது, முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். காப்புநகல் தவறான சொல் இல்லை. ஆனால் இரண்டு வேறு காரியங்களை அந்த ஒரே பெயரால் அழைத்து வருகிறோம். அந்தக் குழப்பத்தில் எங்கள் வீட்டில் படங்கள் போய்விட்டன.

நான் இருப்பது கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம். ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட ஐ5 மேசைக்கணினியை வாங்கி வீட்டுக்கு ஒரு வழங்கி (சர்வர்) அமைத்தேன். 4 டிபி வன்தட்டு (ஹார்டு டிஸ்க்) இரண்டு, மேலே ஓப்பன்மீடியாவால்ட் என்ற கோப்புவழங்கி மென்பொருள். குடும்பப் படங்கள், பட்டா, ரசீதுகள் எல்லாம் அதில்தான். பிள்ளைகளுக்காக மைன்கிராஃப்ட் விளையாட்டு வழங்கியும் அதிலேயே ஓடுகிறது. மழையில் இணையம் போனாலும் வீட்டுக்குள் ஆட்டம் நிற்காது. சும்மா இருக்கையில் 30 வாட் இழுக்கிறது, இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் சுமார் 43 யூனிட். (இந்த உயரத்தில் வன்தட்டு தாங்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். படிக்கும் முனை ஒரு மெல்லிய காற்றுப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, அதனால் நியாயமான கேள்வி. பொதுவாக 3000 மீட்டர் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள். நாம் இருப்பது அதற்குக் கீழே. எனக்குக் கவலை ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான்.)

இரண்டு வன்தட்டையும் ரெய்டு 1 முறையில் இணைத்திருந்தேன். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் ரெய்டு என்ற பெயருக்குள் ‘மலிவான வட்டுகள்’ என்ற பொருளும் இருந்தது. விலை கூடிய ஒரே பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான பல வட்டுகளைக் கோத்துக் கட்டுவது. ஒரு தட்டு செத்தாலும் வேலை நிற்காது. அவ்வளவுதான் அதன் பொறுப்பு.

தேரோட்டம் முடிந்த வாரம், ஆட்டத்துக்கு இடம் பற்றவில்லை என்று அண்ணன் மகன் ‘புதுசு’ என்றிருந்த அடைவை (ஃபோல்டரை) அழித்துவிட்டான். பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயில் தேர்ப் படங்கள் அதில் இருந்தன. தேர் முன்னால் அம்மா நிற்கும் படமும் இருந்தது. அவன் அழித்த அதே நொடியில் இரண்டாவது தட்டும் கீழ்ப்படிந்து அழித்தது. ‘காப்புநகல் இருக்கிறதே சித்தப்பா’ என்றான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை, அந்த இரண்டாவது தட்டைக் காப்புநகல் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்கு இரண்டு மாதம் முன்பு வேறொரு தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வத்தலக்குண்டில் அக்கா வீட்டில் வைத்திருந்தேன். அதில் இருந்தவை மீண்டன. தேர் மீளவில்லை.

அதனால் இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும். செய்ததையெல்லாம் கூடவே செய்யும் தட்டை ‘ஆடிவட்டு’ என்போம். ஆடி என்றால் கண்ணாடி, நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும். தனியாக எடுத்து ஒதுக்கி வைப்பதற்குத்தான் ‘விதைப்படி’.

இந்தச் சொல் எங்கள் பரணிலிருந்து வந்தது. மேல்மலையில் பூண்டு எடுத்ததும் தாளோடு பிடிபிடியாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இதுதான். புகை ஏறி மேல்தோல் பழுப்பாகி, தொட்டால் சருகு மாதிரிச் சத்தம் வரும். அதில் பருத்த பல்லாகப் பார்த்து ஒரு கட்டைத் தனியாக, மூலையில் மாட்டிவைப்பார் அம்மா. விலை எவ்வளவு ஏறினாலும் அது சந்தைக்குப் போகாது. ரசத்துக்குப் பூண்டு இல்லாவிட்டாலும் அதில் கைவைக்க மாட்டார். கீழே நெல் விளைகிற ஊர்களில் விதைநெல் எப்படியோ, அப்படி. பேக்கப்புக்கும் இதே மூன்று இலக்கணம்: பிரித்து வைத்தது, அன்றாடம் தொடாதது, எல்லாம் போனாலும் மறுபடி தொடங்கப் போதுமானது. பேக்கப்புக்குச் சிலர் சொல்லும் ‘பின்சேமிப்பு’ இதில் ஒன்றையும் சொல்லவில்லை, ஆங்கிலச் சொல்லைப் பிய்த்துப் போட்டதாகவே எனக்குப் படுகிறது.

‘படி’ நமக்குப் பழகியதுதான். கையெழுத்துப்படி, அச்சுப்படி என்கிறோம். ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தார்கள். தானியம் அளக்கும் படியும் கூடவே நினைவுக்கு வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

> ‘விதிப்படி’, ‘சட்டப்படி’ மாதிரி, விதையின்படி என்று படித்துவிட மாட்டார்களா?

உண்மையான சிக்கல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘அச்சுப்படி’க்கும் இதே சிக்கல் உண்டு, அது புழக்கத்தில் நிலைத்துவிட்டது. ‘விதைப்படி எடு’, ‘விதைப்படியிலிருந்து மீட்டெடு’ என்று கணினித் திரையின் பட்டியில் (மெனுவில்) வரும்போது மயக்கம் இருக்காது.

அப்புறம், இதிலிருந்து இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. எடுத்துவைத்த படி உண்மையில் திறக்கிறதா என்று பார்ப்பதற்கு நம்மிடம் பெயர் இல்லை. பட்டாணி விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவதை முளைப்புச் சோதனை என்கிறோம். அதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம். நான் இப்போது மாதம் ஒருமுறை இருபது கோப்புகளை மீட்டெடுத்துத் திறந்து பார்க்கிறேன்.

மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்ற வழக்கமான விதியையும் இப்போது விடுவதில்லை. போன வாரம் பழம் ஏற்றிப்போன வண்டியில் புதிய தட்டை அக்காவுக்குக் கொடுத்தனுப்பினேன். மேலே ஒட்டிய சீட்டில் ‘விதைப்படி’ என்று மட்டும் எழுதியிருந்தேன். கணினி பற்றி அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரி போன் பண்ணி, ‘பிள்ளைங்க கை படாம மேல வச்சிட்டேன், அடுத்தது வந்ததும் இதைத் தரவா?’ என்று கேட்டது.