சிமெண்டு போட்ட பொடக்காளியில (வீட்டுப் பின்பக்கக் கொல்லையில) செடி வெச்சவங்க வாங்க, அனுபவம் சொல்லுங்க

சரவணம்பட்டிக்காரி:

வீடு கட்டும்போதே பொடக்காளி முழுக்கத் தளம் போட்டாச்சு. சேறில்லாம இருக்கட்டும்னு மாமியார் சொன்ன ஏற்பாடு. உடைச்சு மண்ணு கொட்டலாம்னா கீழே கக்கூஸ் குழாய் போகுது. சரி, தளத்துமேலயே வெச்சுக்குவோம்னு செங்கல்லைச் சாந்தில்லாம மூணு வரிசை அடுக்கி, உள்ளே தார்ப்பாய் விரிச்சு, தண்ணி வடிய அடியில ஓட்டை போட்டுப் பாத்தி கட்டினேன். என்னைக் கேட்டா மாடித்தோட்டத்தைவிட இது எவ்வளவோ மேல். ஒழுகுமா, எடை தாங்குமாங்கிற கவலையே இல்லை.

உள்ளே போட்டது பொள்ளாச்சிப் பக்கம் 5 கிலோ கட்டியா விக்கிற தென்னை நார்க்கழிவு. ஊற வெச்சா 60 லிட்டருக்கு மேல பொங்கும். முதல் தண்ணி டிகாஷன் மாதிரி வடியும், தளத்துல விட்டா கறை லேசுல போகாது. சாக்கடை ஓரமா வெச்சு, தண்ணி தெளியற வரைக்கும் அலசிடுங்க. அதுல இருக்கிற உப்பும் அதோடயே போயிரும்.

நார்க்கழிவை மண்ணுன்னு நினைச்சுக்கறாங்க, அதுதான் வம்பு. அது தண்ணியைப் பிடிச்சு வைக்கும், சோறு போடாது. மக்காத நார்க்கழிவுல தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்குன்னா கரிமம் 112 பங்கு. மக்க வெச்சா 24க்கு இறங்கும்னு நம்ம வேளாண் பல்கலைக்கழகத்துல சொல்றாங்க. மக்காததை அப்படியே போட்டா, அதை மக்க வைக்கிற நுண்ணுயிரெல்லாம் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தின்னுரும். "கீரை முளைச்சு மஞ்சளா நிக்குதுங்க"ன்னு கேக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கதை இதுதான். நான் பாதிக்குப் பாதி பழைய எருவும் மண்புழு உரமும் கலந்து, வேப்பம்புண்ணாக்கு ரெண்டு கை போட்டேன்.

முதல்ல வந்தது நான் விதைச்ச தக்காளி இல்லைங்க. எருவோட வந்த விதையில பண்ணைக்கீரை மொளைச்சுக் கெடந்துச்சு. புடுங்கப் போனேன், எங்க அம்மிச்சி (அம்மாவோட அம்மா) கையைப் புடிச்சுட்டாங்க. அன்னிக்கு ராத்திரி கீரைக் கடைசல்தான்.

திருப்பூர் ஆசாமி:

அக்கா சொன்னதெல்லாம் சரிங்க. ஆனா எங்களுக்குத் தண்ணிதான் எமன். நான் செடி வெச்சிருக்கறது பையில. போர்த் தண்ணி ஊத்தினா நாலு வாரத்துல பை ஓரமெல்லாம் வெள்ளையாப் பூத்துடும். இலை நுனி கருகும். உடனே பூச்சின்னு நினைச்சு மருந்தடிக்காதீங்க, அது உப்பு. குடிதண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பைப் பார்க்கிற டிடிஎஸ் மீட்டரைப் பையில இருந்து வடியற தண்ணியில வெச்சுப் பாருங்க, உள்ளே ஊத்தினதைவிட எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியும். மழைத்தண்ணியை சின்டெக்ஸ்ல பிடிச்சு வெச்சு, அப்பப்ப ஒரு தடவை அடிவழியா ஓடற அளவுக்கு ஊத்தி உப்பைக் கழுவி விடறேன். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ற தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு செடிக்கு ஊத்தறாங்க பாருங்க, தயவு செஞ்சு வேண்டாம். அது மெஷினுக்குள்ளே போன தண்ணியைவிட உப்பு.

அப்புறம் சூடு. சித்திரையில தளத்துல வெறுங்காலோட நிக்க முடியாது, வேர் மட்டும் எப்படி நிக்கும்? பையைச் செங்கல்மேல தூக்கி வெச்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைங்க. வெயில் படற பக்கம் நனைச்ச கோணிச்சாக்கு.

உடுமலை வாத்தியார்:

எங்களுக்குப் பிரச்சினை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் நார்க்கழிவுப் பை நிற்காது, அத்தனை இலேசு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இங்கே ஆடியில் பீர்க்கன் பந்தல் போட்டால் பந்தலைத் தேட வேண்டியதுதான். மேற்குச் சுவரை ஒட்டி வைத்தேன், தப்பித்தது. தெளிப்பதற்குப் பஞ்சகவ்யம்தான், சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்து ஊற வைக்கும் கரைசல். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பியது. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி போதும். கரைசலை வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். ஊற வைக்கும் நாட்களில் வரும் வாசத்துக்குப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரவணம்பட்டியாரிடம் ஒரு கேள்வி. சாந்தில்லாமல் அடுக்கிய செங்கல் சந்தில் பூரான், தேள் வருவதில்லையா?

சரவணம்பட்டிக்காரி:

பூரான் வந்துச்சுங்க வாத்தியாரே. துவைக்கிற கல்லுப் பக்கம் இருக்கிற வரிசைக்கு மட்டும் இப்ப சாந்து பூசிட்டோம். மத்ததுல கையை விடறதுக்கு முன்னாடி ஒரு குச்சியால தட்டிப் பார்க்கறேன். தேள் இதுவரைக்கும் கண்ணுல படலை.