பெண்ணுறுப்புச் சிதைப்பா, கத்னாவா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கயல்விழி, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு அத்தியாயம் ஓடிவிட்டது, பதின்மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம் பற்றியது. சோமாலியா, எகிப்து, காம்பியா, கென்யா என்று நாடு நாடாகப் போகிறது. 2024இல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி இப்படி வெட்டப்பட்டு இன்று உயிரோடு இருப்பவர்கள் 23 கோடிக்கும் மேல். ஆப்பிரிக்காவில் 14.4 கோடி, ஆசியாவில் 8 கோடி. ஆசியக் கணக்கைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் தட்டச்சை நிறுத்திவிட்டேன்.

நாளிதழ்கள் 'பெண் உறுப்பு சிதைப்பு' என்று எழுதுகின்றன. எனக்கு ஒரு தயக்கம். உலகச் சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. நான்காம் வகையில் ஊசியால் குத்துவதும் சுரண்டுவதும் சூடு வைப்பதும் அடக்கம். மூன்றாம் வகையோ பிறப்புறுப்பின் உதடுகளை வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டவைத்து, சிறுநீரும் மாதவிடாய் இரத்தமும் வெளியேற ஒரு சிறு துளையை மட்டும் விடுவது. இரண்டுக்கும் 'சிதைப்பு' என்ற ஒரே சொல் பொருந்துமா? வெள்ளிக்கிழமை கோப்பு அச்சுக்குப் போகிறது.

மாறன், செவ்வாய் காலை

முதலில் 'ச்' போடுங்கள் அம்மா. 'உறுப்பு' வன்தொடர்க் குற்றியலுகரம். வலி மிகாமல் எழுதுவது நாளிதழ்களின் சோம்பல். 'பெண்' என்பதையும் தனியே விடத் தேவையில்லை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். ஆக, பெண்ணுறுப்புச் சிதைப்பு. வடிவம் முடிந்தது.

பொருளில்தான் எனக்கு வழக்கு. சிதைத்தல் என்றால் உருக்குலைத்தல். இதில் கத்தி எங்கே இருக்கிறது? பழந்தமிழில் வெட்டுவதற்குக் 'குறைத்தல்' என்று ஒரு நல்ல சொல் உண்டு. வெட்டிய துண்டுக்குக் 'குறை' என்று பெயர். பொருநராற்றுப்படையில் 'கோழூன் கொழுங்குறை' வருகிறதே, அந்தக் குறைதான். 'பெண்ணுறுப்புக் குறைப்பு' என்று எழுதுங்கள். வெட்டியதும் தெரிகிறது, உறுப்பில் குறை விழுந்ததும் தெரிகிறது. ஒரே சொல்லில் இரண்டு வேலை.

எஸ்தர், செவ்வாய் மதியம்

ஐயா மன்னிக்க வேண்டும். 'குறைப்பு' என்றால் என் மாணவிகளுக்கு எடைக் குறைப்பும் விலைக் குறைப்பும்தான் நினைவுக்கு வரும். கொழுங்குறையை வகுப்பில் விளக்கினால் அன்று யாரும் மதியம் சாப்பிட மாட்டார்கள்.

'பெண் விருத்தசேதனம்' என்று சிலர் எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். அது வேண்டவே வேண்டாம். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை கேட்ட சொல் அது, எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. ஆனால் ஆண்பிள்ளைக்கு நுனித்தோலை எடுப்பதும், பெண்பிள்ளைக்குக் கிளிட்டோரிஸையும் (உதடுகள் மேலே சேரும் இடத்தில் உள்ள, உணர்ச்சி மிகுந்த சிறு உறுப்பு) சிறிய உதடுகளையும் அறுப்பதும் ஒன்றா? ஒரே பெயர் வைத்தால் படிக்கிற பெண் 'சரி, அது மாதிரிதான் இதுவும்' என்று தாண்டிப் போய்விடுவாள்.

அவள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. வெட்டிய அன்றே இரத்தப்போக்கு, சீழ், சிறுநீர் அடைப்பு. பின்னால் தழும்பு தடித்து நீர்க்கட்டிகள், மாதவிடாய் வலி. பிரசவத்தில் வழி விரியாமல் கிழிவது. ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்து 2006இல் வந்த ஆய்வு, வெட்டு பெரிதாக ஆக ஆக அறுவைப் பிரசவமும் அதிக இரத்தப்போக்கும் குழந்தை இறப்பும் கூடுகின்றன என்று காட்டியது. பிரசவ அறையில் மூன்றாம் வகையை முதல்முறை பார்க்கிற செவிலி திகைத்து நிற்கக் கூடாது. மூடியதைப் பிரித்துவிட வேண்டும், பிரசவம் ஆனபின் மறுபடி மூடித் தைக்கக் கூடாது. இந்த இரண்டு வரிக்கும் எனக்கு நல்ல தமிழ் வேண்டும். தலைப்பை எப்படியாவது வையுங்கள்.

வேலன், செவ்வாய் இரவு

சுடுகாட்டுச் சிதை வடசொல் ஆயிற்றே? அதிலிருந்துதானே சிதைப்பு? தனித்தமிழ் பேசும் குழுவில் யாரும் இதைக் கேட்கவில்லையே என்று கேட்கிறேன்.

மாறன், செவ்வாய் இரவு, கொஞ்சம் தாமதமாக

அந்தச் சிதை வேறு, இந்தச் சிதை வேறு. 'சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்' என்று தொல்காப்பியர் வினையாகவே ஆள்கிறார். சிதை, சிதர், சிதறு எல்லாம் ஒரு குடும்பம். நான் சிதைப்பை மறுப்பது பொருளுக்காக, பிறப்புக்காக அல்ல.

விருத்தசேதனம் பற்றி எஸ்தர் அம்மா சொன்னதால் ஒன்று. விருத்தம் வட்டம், சேதனம் வெட்டு. இலத்தீனிலும் இதே கட்டுமானம்தான், சுற்றி வெட்டுதல். மொழிபெயர்த்தவர் அதை அப்படியே வடமொழியில் வார்த்திருக்கிறார். ஆனால் தமிழில் சேதனம் என்றால் அறிவு என்றும் பொருள், விருத்தம் என்றால் பா. 'பெண் விருத்தசேதனம்' என்பதைக் கவிதை எழுதத் தெரிந்த பெண்ணின் அறிவு என்று ஒருவன் பொருள் கொண்டால் அவனை எப்படித் திருத்துவது?

மூன்றாம் வகைக்கான ஆங்கிலப் பெயரான இன்ஃபிபுலேஷனும் இலத்தீனில் ஊக்கைக் குறிக்கும் 'ஃபிபுலா'விலிருந்து வந்ததுதான். ரோமானியர் அடிமைகளின் உறுப்பில் ஊக்கு மாட்டிப் பூட்டினார்கள். சூடானில் இதைப் பார்வோன் முறை என்கிறார்கள். அந்தப் பார்வோன் ஆண்ட எகிப்திலோ இதற்கு சூடான் முறை என்று பெயர். பழியை எல்லோரும் பக்கத்து ஊர்மேல் போடுகிறார்கள்.

ஃபஸீலா, புதன் காலை

சலாம். கிழக்கிலங்கையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எல்லோரும் தமிழில் இதற்குச் சொல்லே இல்லை என்பது போலக் கதைக்கிறீர்கள். தமிழ் பேசுகிற எங்கட வீடுகளில் இதற்குப் பெயர் இருக்கு. கத்னா. சுன்னத்து என்றும் சொல்லுவினம். செய்கிறவருக்கும் பெயர் இருக்கு, ஒஸ்தா மாமி. பெரும்பாலும் பிள்ளை பிறந்து நாற்பதாம் நாளை ஒட்டி. ஆண்பிள்ளை என்றால் ஊருக்கே சாப்பாடு, பெண்பிள்ளை என்றால் அறைக்கதவைச் சாத்திவிட்டு ஒரு சத்தமும் இல்லை. 'சும்மா ஒரு கீறல்தான்' என்று சொல்லுவினம். கீறியது எவ்வளவு என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? 2018இல் சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாதென்று சுற்றறிக்கை விட்டது. ஒஸ்தா மாமிக்கு யார் சுற்றறிக்கை அனுப்புறது?

நான் இந்த வழக்கத்துக்கு எதிரி. ஆனாலும் கேட்கிறேன். உங்கள் கையேட்டைப் படித்த செவிலி என் உம்மாவிடம் வந்து 'உங்கள் உறுப்பு சிதைக்கப்பட்டதா' என்று கேட்டால் அவ என்ன சொல்லுவா? 'இல்லை மகள்' என்பா. பொய்யே இல்லை, அவவுக்கு அது சிதைப்பு இல்லை. 'கத்னா செய்ததா' என்று கேட்டால் 'ஓம், எல்லாருக்கும் செய்ததுதானே' என்பா. உங்கள் படிவத்தில் எது பதிவாக வேண்டும்?

எஸ்தர், புதன் காலை

ஃபஸீலா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

தாமோதரன், புதன் மாலை

நீதிமன்றத்தில் இருந்ததால் தாமதம். சட்டத்தின் பக்கம் இருந்து நான் சிதைப்புக்குத்தான் வாக்களிப்பேன். இந்த வழக்கத்தில் பெயரே பாதி வழக்கு. 2017இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பொதுநல மனுவைப் பாருங்கள். முஸ்லிம்களில் ஒரு பிரிவான தாவூதி போரா சமூகத்தில் நடப்பதை மனுதாரர் தரப்பு சிதைப்பு என்றது. ஆதரிக்கும் தரப்பு 'எங்களுடையது கஃப்ஸ், அது வேறு, இது வேறு' என்றது. 2018இல் வழக்கு பெரிய அமர்வுக்குப் போனது. மென்மையான பெயரை நாமே எடுத்துக் கொடுத்தால், வாதம் தொடங்கும் முன்பே பாதி தோற்றுவிடுவோம்.

ஆப்பிரிக்கப் பெண்களும் இதே சண்டையைப் போட்டு முடித்தவர்கள்தான். இந்த வழக்கத்தை எதிர்க்கும் ஆப்பிரிக்க நாடுகளின் குழு 1990இல் 'சிதைப்பு' என்ற கடுமையான சொல்லையே தேர்ந்தெடுத்தது. பிறகு ஐ.நா. அமைப்புகள் சில, ஊரில் போய்ப் பேச வசதியாக 'வெட்டு' என்று தணித்தபோது, 2005இல் பமாக்கோ நகரில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் வேண்டாம் என்ற தணிப்பை நாம் ஏன் தமிழில் செய்ய வேண்டும்?

கென்யச் சட்டம், 2011, பெயரிலேயே சிதைப்பு என்ற சொல்லை வைத்திருக்கிறது. வெட்டிக்கொள்ளாத பெண்ணை அதற்காக இழிவாகப் பேசினாலும் அங்கே குற்றம். எஸ்தர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கோலியாத்தை தாவீது 'விருத்தசேதனம் இல்லாத பெலிஸ்தன்' என்றுதான் ஏசுகிறான். அந்த ஏச்சு அங்கே பெண்கள்மேல் இன்றும் விழுகிறது, அதனால்தான் அப்படி ஒரு பிரிவு.

வேலன், புதன் இரவு

சட்டம் போட்டால் தீர்ந்துவிடுமா? கென்யாவின் மேரு பகுதியில் 1956இல் தடை போட்டார்கள். சிறுமிகள் கூட்டமாகப் போய்த் தாங்களே ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டார்கள். 'ங்கைதானா' என்று அதற்குப் பெயர், 'நானே எனக்குச் செய்துகொள்வேன்'. காலனி அதிகாரி வேண்டாம் என்றதே வேண்டும் என்பதற்குக் காரணமாகிவிட்டது.

தாமோதரன், புதன் இரவு

அது வெள்ளைக்காரன் போட்ட தடை. 2011 சட்டத்தைப் போட்டது கென்ய நாடாளுமன்றம். காம்பியாவில் 2015இல் வந்த தடையை நீக்க மசோதா வந்தபோது 2024 ஜூலையில் தோற்கடித்ததும் அவர்களுடைய நாடாளுமன்றம்தான்.

மாறன், வியாழன் அதிகாலை

தூக்கம் வரவில்லை. ஃபஸீலா அம்மா கேட்டதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எடுத்துக்காட்டிய நூற்பாவே எனக்கு எதிராக நிற்கிறது. சிதைந்து வந்தாலும் பொருந்தி வந்தால் விலக்கமாட்டார் என்பது வடசொல்லுக்குச் சொன்ன விதி, அரபுச் சொல்லுக்கும் ஆகும். 'கத்னா' தமிழ் ஒலிக்கு எவ்வளவு இயைந்து கிடக்கிறது! ஆனால் எகிப்தில் மக்கள் வாயில் 'தஹாரா', அதாவது தூய்மை. சோமாலியாவில் 'குட்னீன்'. அங்கே 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 99 பேருக்கு நடந்திருக்கிறது. கத்னா என்று தலைப்பு வைத்தால் சோமாலியப் பெண்ணும் ஒஸ்தா மாமியின் கணக்கில் வந்துவிடுவாள். ஒரு சமூகத்தின் பெயரை உலகத்து வழக்கத்துக்கெல்லாம் சூட்டுவது அந்தச் சமூகத்துக்கும் நியாயமில்லை.

ஃபஸீலா, வியாழன் காலை

அது சரி ஐயா. அந்தப் பயம் எனக்கும் இருந்தது, சொல்லத்தான் தயங்கினேன்.

கயல்விழி, வியாழன் இரவு

பதின்மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு 'பெண்ணுறுப்புச் சிதைப்பு'. 'ச்' உண்டு. நால்வர் சரி என்றீர்கள், அதில் இரண்டு பேர் களைத்துப்போய்ச் சொன்னது போல இருந்தது. மூன்றாம் வகைக்கு 'மூடுவெட்டு'. தனிமடலில் எஸ்தர் அம்மாவும் நானும் சண்டை போட்டுப் பிடித்தது. பிரசவத்தில் செய்வது 'மூடலைப் பிரித்தல்'. கிளிட்டோரிஸ் அப்படியே நிற்கிறது. அதற்கு வந்த பரிந்துரைகளை இந்தக் குழுவில் போட்டால் மட்டுறுத்துநர் என்னை நீக்கிவிடுவார்.

நோயாளியிடம் பேசும் பக்கத்தில் மட்டும் சிதைப்பு என்ற சொல்லே வராது. அங்கே இப்படி எழுதியிருக்கிறேன்: 'சின்ன வயதில் உங்களுக்குக் கீழே ஏதாவது வெட்டினார்களா, கீறினார்களா, மூடித் தைத்தார்களா? உங்கள் வீட்டில் அதை என்ன பெயர் சொல்வார்கள்?' அவர் சொல்லும் பெயரைச் செவிலி அப்படியே எழுதிக்கொள்ள ஒரு கோடு விட்டிருக்கிறேன்.

தாமோதரன், வியாழன் இரவு

கோடு விட்டது பிடிக்கவில்லை. ஒருவர் 'தூய்மை' என்று சொன்னால் அரசு ஆவணத்தில் தூய்மை என்றா பதிவாகும்? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபஸீலா, வியாழன் இரவு

குறித்துக்கொள்ளட்டும். கோடு இருக்கட்டும்.

மாறன், வெள்ளி காலை

பின்னிணைப்பில் கலைச்சொல் பட்டியல் உண்டா? இருந்தால் 'குறைப்பு' என்பதைப் பிறைக்குறிக்குள்ளாவது போடுங்கள் அம்மா.